உரல் சொல்லாத மழை

இக்கதையைச் சிவகங்கைச் சீமையின் தென்பகுதியில், வயல்களுக்கு நீரைப் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சி சந்தியாகு என்பவரிடம் இருமுறை கேட்டேன்: முதலில் 1979ஆம் ஆண்டு புரட்டாசியில், பின்னர் 1981இல் அதே மாதத்தில். இரண்டு சொல்முறைகளுக்கும் வேறுபாடு ஒன்றே. முதல் முறை கலுங்கின் கண்கள் இருபது என்றார். மறுமுறை இருபத்திரண்டு என்றார். காரணம் கேட்டேன். “நடுவுல ரெண்டு வருசம் மழை கூடிப்போச்சுல்ல” என்றார். பின்னதையே இங்கே கொள்கிறேன்.

கலுங்கு அறியாதவர்களுக்கு ஒரு சொல். கண்மாய், அதாவது ஏரி, நிறைந்தபின் மிகுநீர் வெளியேறுவதற்காகக் கரையின் ஓரிடத்தில் கட்டும் கல்வாய் அது. வரிசையாகக் கல் நட்டிருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள வழி ஒரு கண். கண் குறைந்தால் நீர் போக வழியின்றிக் கரையை உடைக்கும். மழைக்காலம் ஓய்ந்ததும் கண்களைப் புல்லும் மண்ணும் வைத்து அடைத்து, இன்னும் கொஞ்சம் நீரைத் தேக்குவது வழக்கம். கண் மிகுந்தால் அடைத்து மாளாது, கசிந்தே வற்றிப்போகும்.

இனிக் கதை.

மருதங்கண்மாய் ஓர் ஐப்பசியில் உடைந்தது. ஒன்பது கண் கலுங்கு வந்த நீரை விடமாட்டாமல் திணற, கரை அறுந்து, கீழே இருந்த நொச்சிக்குடிக்குள் வெள்ளம் புகுந்தது. சேவுகன் கொத்தனாரின் மகள் மங்காயி அவ்வூரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கைக்குழந்தையோடு ஒரு பகல் முழுவதும் புளியங்கிளையில் இருந்து தப்பினாள். இறங்கியதும் தகப்பனிடம் அவள் அழவில்லை. ஒன்றே சொன்னாள்.

“அப்பா, அடுத்த தடவை இவனுக்கு நடக்கத் தெரியும். மரத்துல சும்மா இருக்க மாட்டான்.”

புதுக் கலுங்கு கட்டும் வேலையை ஊர் சேவுகனிடமே ஒப்படைத்தது. அடுத்த ஐப்பசிக்குள் முடியவேண்டும். எத்தனை கண் என்பதையும் அவரே சொல்லவேண்டும் என்றார் ஊர்த்தலைவர் வீரணன் அம்பலம்.

“கூட வச்சா எங்க வயலு காயும். கொறச்சு வச்சா உம்ம மக வீடு போகும். ரெண்டையும் நெனச்சுச் சொல்லும்.”

சேவுகனுக்கு ஐம்பத்தைந்து வயது. எதையும் ஒருமுறை தட்டிப் பார்த்து, ஓசை கேட்டுத்தான் நம்புவார். கல்லைத் தட்டிப் பழகிய கை, சொல்லையும் தட்டிப் பார்க்கும். அவருடைய குரு அழகுநாச்சி அம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. அம்மை சேதுவுக்குச் செல்லும் பாதையில், மருதங்கண்மாய்க்கு வடக்கே, யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போடும் சத்திரம் நடத்தினார். வேலையில்லாத மாதங்களில் சேவுகன் அங்கே வந்து தங்குவார். விறகு பிளப்பார். கேள்வி கேட்பார். இரண்டுக்கும் குறைவிராது.

அவ்வாண்டு தைப் பொங்கல் கழிந்து வந்தவர், கோடரியை எடுக்கு முன்பே வாய் திறந்தார்.

“தாயி, பன்னிரண்டு கண் போதும்.”

“பத்து வருசமா உசுரு எங்க போகுதுன்னு கேட்டீக” என்றார் அம்மை. “இப்பத்தான் தண்ணி எங்க போகுதுன்னு கேக்க வந்திருக்கீக. பெரிய முன்னேற்றம். பன்னிரண்டு எப்படி வந்துச்சு?”

சேவுகன் சொன்னார். கண்மாய்க்கு நீர் வரும் நிலம் முழுவதும் நடந்திருந்தார். எட்டு ஊர்களில் உழுகிறவர்களை நிறுத்தி, வாழ்நாளில் கண்ட பெருமழை எது என்று கேட்டிருந்தார். எல்லோரும் ஒரே மழையைச் சொன்னார்கள். அது நாலு உழவு மழை. மழை ஓய்ந்தபின் மண்ணைக் கொத்தி, ஈரம் எத்தனை உழவின் ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அந்நாட்டு வழக்கம்.

“நாலு உழவு மழைக்கே கண்மாயில முழங்கால் தண்ணிதான் வந்துச்சாம்.”

“கரை உடைஞ்ச மழை எத்தனை உழவு?”

“அன்னிக்கு எறங்கினது அரை உழவுகூட இல்லையாம்.”

“அப்ப எப்படி உடைஞ்சுச்சு?”

“பழைய கொத்தன் சுண்ணாம்பு சரியில்லை. வேற என்ன? நல்லாக் கட்டினா ஒன்பது கண்ணே போதும். மனசு கேக்காம மூணு கூட்டினேன்.”

பந்திக்கு நேரமாகியிருந்தது. அம்மை ரசவாளியைத் தூக்கிச் சேவுகன் கையில் கொடுத்தார்.

“ஆளுக்கு ஒரு அகப்பை. கூட்டாம கொறைக்காம.”

சேவுகன் வரிசையாக ஊற்றிக்கொண்டு போனார். சோற்றின் நடுவே ஊற்றிய ரசம் ஊற்றிய இடத்திலேயே மறைந்தது. வரிசை முடிந்து திரும்பினார்.

“இன்னொரு தடவை” என்றார் அம்மை. “அதே அகப்பை. அதே அளவு.”

இம்முறை மூன்றாவது இலையிலேயே ரசம் சோற்றைச் சுற்றிக்கொண்டு இலையின் ஓரத்துக்கு ஓடியது. அங்கே இருந்தவர் வடக்கத்தி மாட்டுத்தரகர்.

“யோவ்! சோத்துக்கு ஊத்துறீரா, எனக்கு ஊத்துறீரா?”

“பாத்தி கட்டுங்க மாமா, பாத்தி கட்டுங்க!” என்றார் அடுத்த இலைக்காரர்.

தரகர் அவசர அவசரமாகச் சோற்றை ஒதுக்கி அணை கட்டினார். அணை உடைந்தது. வேட்டி நனைந்தது. பந்தியே சிரித்தது. சேவுகனும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ரசம் எல்லாருக்கும் வேணும்யா” என்றார் வரிசையின் கடைசியில் இருந்தவர்.

பந்தி எழுந்தபின் அம்மை கேட்டார்.

“ரெண்டு தடவையும் ஒரே அளவா?”

“ஒரே அளவுதான்.”

“ரெண்டாவது ஊத்தினதுல சோறு எவ்வளவு குடிச்சுச்சு?”

“கொஞ்சம்தான். முன்னமே குடிச்சு நெறைஞ்சிருந்துச்சே.”

“கரை உடையுமுன்ன மழை உண்டா?”

“ஒரு வாரமா அடைமழை. கடைசி மழையிலதான் உடைஞ்சுச்சு.”

“உழுகிறவுக நாலு உழவுன்னு சொன்னாகளே, அது யாரு பங்கு?”

சேவுகன் கையிலிருந்த வாளியைப் பார்த்தார்.

“மண்ணு பங்கு” என்றார் மெதுவாக. “மண்ணு குடிச்சது.”

“கண்மாய் பங்கை யாரைக் கேட்டீக?”

சேவுகன் வாளியைக் கீழே வைத்தார். மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

எட்டு ஊர்களுக்கும் மறுபடி போனார். இம்முறை என்ன கேட்பதென்று அவருக்கே விளங்கவில்லை. மண் குடிக்காத மழையை எங்கே பார்ப்பது? மூன்றாவது ஊரில், ஒரு வீட்டு முற்றத்தில் பெண் ஒருத்தி கேழ்வரகு இடித்துக்கொண்டிருந்தாள். கல்லுரல். சேவுகன் பழக்கத்தால் குனிந்து அதைத் தட்டிப் பார்த்தார்.

“என்ன, உரலுக்கு நாடி பாக்குறீகளா?”

“இல்ல ஆத்தா. கரை உடைஞ்ச அன்னிக்கு இந்த உரல் எங்க இருந்துச்சு?”

“எங்க போகும்? இங்கதான்.”

“மழைத்தண்ணி எவ்வளவு நின்னுச்சு?”

“அதுக்கு முந்தின நாள்தான் கவிழ்த்து விட்டேன். அன்னிக்குப் பாத்தா வழிஞ்சு கெடக்கு.”

“அந்த நாலு உழவு மழை பேஞ்சப்ப?”

அவள் உலக்கையை நிறுத்தி நினைத்துப் பார்த்தாள். “அப்பவும் பாத்தேன். அரை உரல்தான்.”

சேவுகன் அதன்பின் உழுகிறவர்களிடம் நிற்கவில்லை. முற்றம் முற்றமாகப் போனார். உரலின் வாயைக் கையால் அளந்தார், ஆழத்தை முழங்கோலால் அளந்தார். ஊர்ப் பிள்ளைகள் ‘உரல் தாத்தா’ என்று பின்னால் வந்தார்கள். ஓர் ஊரில், உலக்கையே மிதந்து தெருவுக்குப் போய்விட்டது என்று ஒருத்தி சொல்ல, அவளுடைய மாமியார், “அது மழையில போகலை, நீ இரவல் கொடுத்துட்டு மறந்துட்ட” என்றாள். சேவுகன் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

உரல் நிறைய மழை. வரத்து நிலம் முழுவதும் அதே மழை. நிலமோ முன்னமே குடித்து நிறைந்தது. விழுந்த அத்தனையும் கண்மாய்க்கு என்று வைத்துக் கணக்குப் போட்டார். அறுபது கண் வந்தது.

வீரணன் அம்பலத்திடம் போய்ச் சொன்னார்.

“அறுபது கண்ணு வச்சா, அப்புறம் கரை எங்கய்யா இருக்கும்? இதுக்குக் கண்மாயை அழிச்சு மாடு மேயவிட்டுடலாம்.”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மங்காயியின் மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. “அறுபதுன்னா அறுபது வையுங்க” என்றார். அன்று முடிவு ஆகவில்லை.

சேவுகன் சத்திரத்துக்கு வந்து விறகு பிளந்தார். அம்மை கீரை ஆய்ந்துகொண்டு அருகில் அமர்ந்தார்.

“ஆடி அமாவாசைக்கு இங்க எத்தனை பேரு சாப்பிடுறாக?”

“ஆயிரம் பேர் இருக்கும்.”

“கூடத்துல எத்தனை இலை விழும்?”

“நூறு.”

“மிச்சம் தொள்ளாயிரம் பேரைப் பட்டினி போட்டா அனுப்புறேன்?”

“எல்லாரும் ஒண்ணா வந்து உக்காரலையே தாயி. ஒரு பந்தி எந்திரிக்க அடுத்த பந்தி வருது.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே கோடரி பாதி வழியில் நின்றது.

“ஒரு வருசம் நூறு இலை பத்தலை” என்றார் அம்மை. “கூடத்துல தள்ளுமுள்ளு. கதவு பேந்து போச்சு.”

“அந்த வருசம் கூட்டம் அதிகமோ?”

“கொறச்சல்.”

“பின்னே?”

“தூரத்து ஊர்க்காரவுக வெள்ளனமே கிளம்பியிருந்தாக. பக்கத்து ஊர்க்காரவுக வெயிலு தாழட்டும்னு படுத்திருந்தாக.”

சேவுகன் கோடரியைக் கட்டையிலேயே விட்டுவிட்டுப் போனார். கீரை ஆய்ந்து முடிந்ததும் அம்மையே அதைப் பிடுங்கி எடுத்து வைத்தார்.

சித்திரையில் ஒரு கோடைமழை வந்தது. ஊரார் கூரைக்குள் ஒதுங்க, சேவுகன் மட்டும் ஓலைக்கொங்காணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் நின்றார். அருகே உள்ள பொட்டலில் விழுந்த மழை, ஒருவன் வெற்றிலை மென்று துப்பும் நேரத்தில் வந்து சேர்ந்தது. மேற்கே கரடு என்னும் சிறு குன்றின் மேல் விழுந்தது, ஓர் உலை கொதித்துச் சோறு வடிக்கும் நேரம் கழித்து, செம்மண் நிறத்தில் வந்தது. அப்போது பொட்டல் நீர் வடிந்திருந்தது. அடுத்த மழைக்கும் நின்றார். அதற்கடுத்த மழைக்கும் நின்றார். சளி பிடித்தது. மங்காயி கஷாயம் கொண்டுவந்து, குடிக்கும்வரை நின்றாள்.

“மழையில நின்னு மழையை அளக்குற ஆளை இப்பத்தான் பாக்குறேன்” என்றாள்.

“எல்லா மழையும் ஒண்ணு இல்லடி. கண்மாய்ப் பக்கம் ஆரம்பிச்சுக் கரட்டுக்குப் போற மழை நல்ல மழை. கிட்டத்துத் தண்ணி போனப்புறம்தான் தூரத்துத் தண்ணி வருது. கரட்டுல ஆரம்பிச்சு நம்மளப் பாத்து நடந்து வர்ற மழை இருக்கே, அது ரெண்டையும் ஒரே நேரத்துல கூட்டியாந்து விட்டுரும்.”

“உடைஞ்ச அன்னிக்கு அப்படித்தான் வந்துச்சு. மரத்துல ஏறுமுன்னமே வாசல்ல நின்னு பாத்தேன். கரட்டுல இருந்து கறுப்பா நடந்து வந்துச்சு.”

நிறைந்த நிலத்தின்மேல், உரல் நிறையும் மழை, கரட்டில் தொடங்கிக் கண்மாயை நோக்கி நடந்து வந்தால், ஒரே நேரத்தில் வந்து நிற்கும் நீர் எவ்வளவு? சேவுகன் அதை மட்டும் கணக்கிட்டார். இருபத்திரண்டு கண் வந்தது.

அம்பலம் கேட்டார். விரல் மடக்கிப் பார்த்தார். “மழை ஓஞ்சதும் அடைச்சுக்கலாம். முடியும்” என்றார். மங்காயியின் மாமனாரும் தலையசைத்தார். கல் இறங்கியது. ஆவணிக்குள் கலுங்கு எழுந்துவிட்டது. ஊரார் சேவுகனுக்கு வேட்டியும் துண்டும் கொடுத்தார்கள்.

வேட்டியை மடித்த மடிப்புக் கலையாமல் கையில் வைத்துக்கொண்டு சேவுகன் சத்திரத்துக்கு வந்தார். அம்மை உலையருகே இருந்தார்.

“புதுவேட்டியைக் கட்டாம ஏன் சுமக்குறீக?”

“கட்டத் தோணலை தாயி.”

“கலுங்குல கோணலா?”

“நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. அதுல இல்ல.” சேவுகன் உட்கார்ந்தார். “உரல் வழிஞ்சு கெடந்துச்சுன்னுதான் எல்லாரும் சொன்னாக. நானும் உரல் அளவையே மழை அளவுன்னு எடுத்துக்கிட்டேன். வழிஞ்சது எவ்வளவுன்னு எந்த உரலும் சொல்லலை.”

அம்மை துடுப்பால் சோற்றைக் கிளறினார். “சரி.”

“நான் கணக்குப் போட்டதை விடப் பெரிசு வருமா?”

“வரும்.”

“எப்ப?”

“எனக்குத் தெரியாது.”

“அதுக்கு எத்தனை கண்ணு வைக்க?”

“தெரியாததுக்கு எண்ணிக்கை கேக்குறீக.”

“கேக்காம எப்படி இருக்கிறது?” என்றார் சேவுகன். குரல் உயர்ந்துவிட்டது. “என் பேரன் நடக்குறான் தாயி.”

அம்மை துடுப்பை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“முன்ன பின்ன தெரியாத ஒரு ஆளு இந்த வாசல்ல வந்து நின்னா என்ன கேப்பான்?”

“வழி கேப்பான்.”

“அவனுக்குப் பின்னால எத்தனை பேரு வர்றாகன்னு தெரிஞ்சாத்தான் வழி சொல்லுவீகளா?”

“அது எதுக்கு? வழியைச் சொல்லி அனுப்புவேன்.”

அம்மை உலைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

சேவுகன் கண்மாய்க்குத் திரும்பி, கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். முன்பெல்லாம் தண்ணீர் வரும் பக்கத்தையே பார்த்து நடந்தவர், அன்று போகும் பக்கத்தைப் பார்த்து நடந்தார். தெற்கே எங்கே உடைந்தாலும் நொச்சிக்குடி. நடுவில் உடைந்தாலும் நொச்சிக்குடி. வடகோடியில் மட்டும் நிலம் வேறு பக்கம் சாய்ந்தது. அங்கே கரையை ஒரு சாண் தாழ்த்தி, கல் வைக்காமல் புல் மட்டும் வைத்துவிட்டால், இருபத்திரண்டு கண்ணுக்கும் அடங்காத நீர் முதலில் அங்கேதான் ஏறும். அங்கேதான் அறுத்துக்கொண்டு இறங்கும்.

அது இறங்கும் வழியில் அவரும் இறங்கினார். ஒரு தாழ்வு. அதைத் தொடர்ந்து ஓர் ஓடை. ஓடை வளைந்த இடத்தில் வேலி. வேலிக்கு அப்பால் வாழைகள். வாழைகளுக்கு அப்பால் புகை படிந்த ஒரு சுவர். சேவுகன் நின்றுவிட்டார்.

அம்மை கழுநீர்ப் பானையோடு கொல்லைக்கு வந்தார்.

“சாலை இருக்க, கொல்லை வழியா வர்றீக?”

“வழி பாத்துக்கிட்டே வந்தேன். இங்க கொண்டாந்து விட்டிருச்சு.”

அம்மை அவர் வந்த வழியை நிமிர்ந்து பார்த்தார். தாழ்வும் கரையின் வடகோடியும் அங்கிருந்தே தெரிந்தன.

“வடகரையை ஒரு சாண் தாழ்த்தினா நொச்சிக்குடி தப்பும்” என்றார் சேவுகன்.

“நல்லது.”

“தாழ்த்தினா அது...” சேவுகன் சுவரைப் பார்த்தார். “அடைமழையில யாத்திரைக்காரவுக இருக்க மாட்டாக. ஆனா நீங்க இருப்பீக தாயி. இந்த அடுப்படிக்குத்தான் வரும்.”

அம்மை பானையைச் சாய்த்துக் கழுநீரை வாழையடியில் ஊற்றினார். கடைசிச் சொட்டையும் உதறினார்.

“வரட்டுமே. சத்திரம் வாரவுகளுக்குத்தானே கட்டினது?”



சந்தியாகு சொல்லும் கதை இவ்விடத்தில் முடிகிறது. வெள்ளம் வந்ததா என்று இருமுறையும் கேட்டேன். இருமுறையும் அவர் அதைக் கதையின் பகுதியாகக் கருதவில்லை. வடக்கு ஊர்களில் அம்மையின் கடைசிச் சொல் வழக்கில் இல்லை. அங்கே அவர் மறுமொழி கூறாமல், அடுப்புக்கல்லைப் பெயர்த்து மேட்டுப்பக்கம் சுமந்து போகிறார். சேவுகன் அதைக் கண்டபின்தான் வடகரையைத் தாழ்த்தக் கடப்பாரையைக் கையில் எடுக்கிறார்.

நொச்சிக்குடியார் சொல்வதில் முடிவே வேறு. அவர்கள் கதையில் வடகரை தாழவில்லை. செய்தி மங்காயியின் காதுக்கு எட்டுகிறது. “அம்மை அடுப்புல தண்ணியை விட்டுட்டு எம்புள்ளைக்கு அந்த அடுப்புச் சோத்தை ஊட்டவா?” என்று தகப்பனைக் கேட்கிறாள். ஊர் குடிபெயரக் கிழக்கே பாறைமேட்டில் இடம் இருக்கிறது, தண்ணீர் எடுக்கத் தொலைவு அதிகம், ஏறுவதும் கடினம் என்று மாமனார் சொல்கிறார். அவள் கேட்டுக்கொள்கிறாள். பிறகு ஏணியைச் சாத்தி ஏறி, தன் வீட்டுக் கூரையிலிருந்து முதல் ஓலையை உருவிக் கீழே போடுகிறாள். ஊரார் ஒருவர்பின் ஒருவராக ஏணி தேடிப் போகிறார்கள். சேவுகன் பழைய நொச்சிக்குடிக்கு எதிரே, நடுக்கரையை ஒரு சாண் தாழ்த்துகிறார்.